போறணைக்குப் பொறுப்பான ஆள்

இரும் தம்பி, இரும். அந்தக் கதிரைக்கு ஒருத்தரும் வராயினம். எங்கட கிழடுகள் எல்லாம் மோலின்ர அங்கால் மூலையிலை இருந்து அரசியல் கதைக்குதுகள். நான் தனியத்தான் இருக்கிறனான். வெளியிலை குளிர். வீட்டிலை... வீட்டை விடும்.

என்ன கேட்டனீர்? பெரெல்மன் பேக்கரியிலை எனக்கு ஆரையும் தெரியுமோ எண்டோ? வேலைக்கோ?

நல்ல ஆளைத்தான் பார்த்துக் கேட்டீர்! இந்தப் பெருவிரலைப் பாரும். நுனி இல்லைத்தானே? அது பெரெல்மன் கடையிலை இறைச்சி வெட்டுற மிசினுக்குள்ள போனது. அந்தக் கடை இண்டைக்கு நாலு கடையா நிக்குதெண்டால் அதிலை என்ர சதையும் கிடக்கு. ஆனால் நீர் அங்கை போய், குணநாயகம் அனுப்பினவர் எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும். வாசலோடை திருப்பி விடுவினம். ஏனெண்டு கேளும். அங்கை வேலைக்குப் போறவன் கேட்டுப்போட்டுத்தான் போக வேணும்.

நீர் எவடம்? ஓ. அதிலை கோயிலடியோ, சந்திக்கு அங்காலையோ? அப்பான்ர பேர்? சரி, சரி, முகத்தைச் சுழிக்காதையும். சும்மா கேட்டனான். ஆளை அறிஞ்சு கதைக்கிறது எங்கட பழக்கம்.

நான் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கேக்கை அது ஒரே ஒரு கடை. பாதர்ஸ்ட் வீதியிலை, ஒரு பக்கம் சப்பாத்துத் தைக்கிறவன், மற்றப் பக்கம் உடுப்புத் தோய்க்கிற கடை, நடுவிலை ஒரு ஒடுங்கின கடை. யூத ஆக்களின்ர கடை. முன்னுக்குக் கண்ணாடிப் பெட்டி. அதுக்குள்ள புகை போட்ட மாட்டிறைச்சி, ஊறப்போட்ட வெள்ளரிக்காய், அரைச்ச ஈரல். பின்னுக்குப் பாண் சுடுற போறணை. கறுத்த றை பாண், நடுவிலை ஓட்டை விட்ட பேகல், வெள்ளிக்கிழமையிலை பின்னல் போட்ட முட்டைப் பாண். ஹல்லா எண்டுவினம். முதலாளி சைமன் பெரெல்மன். ரெண்டாம் உலகச் சண்டை முடிய போலந்திலையிருந்து தனிய வந்த மனுசன். தாய் தேப்பன், சகோதரம் ஒருத்தரும் மிஞ்சேல்லை எண்டு வேற ஆரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் கதைக்க மாட்டார்.

நல்ல மனுசன். அதை நான் எந்தச் சபையிலையும் சொல்லுவன். எனக்கு இங்கிலிஷ் அரைகுறை, கையிலை வேலை இல்லை, கோப்பை கழுவ எடுத்தார். ஆறேழு மாசத்திலை இறைச்சி வெட்டுற மேசைக்குக் கொண்டு வந்திட்டார். நீர் யோசிப்பீர், சைவ சமயக்காரன் மாட்டிறைச்சி வெட்டுறதோ எண்டு. வெட்டுறது வேற, தின்னுறது வேற. நான் கையுறை போட்டுத்தான் வெட்டினனான். அது தொழில். தொழிலிலை பாவம் இல்லை. கடதாசி மாதிரி மெல்லிசாச் சீவி அடுக்குவன். 'குணாட்டை வெட்டுவிச்சுத் தாங்கோ' எண்டு நிண்டு வாங்கின கிழவியள் இருந்தவை.

ஆனால் முதல் நாள் நடந்ததை நான் மறக்கேல்லை. புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு போனன். குசினி வாசலிலை ஒரு தாடிக்காரர் நிண்டு மறிச்சுப்போட்டார். சமய முறைப்படி எல்லாம் நடக்குதோ எண்டு பார்க்கிறதுக்கெண்டு ஒரு ஆள் அங்கை எந்த நேரமும் நிப்பார். வெளிச்சாப்பாடு உள்ளை வரப்படாதாம். போறணையை மூட்டுறதெண்டாலும் அவையின்ர ஆள்தான் மூட்ட வேணுமாம். நான் தொடப்படாது! எனக்குப் பத்திக்கொண்டு வந்திது தம்பி. இந்தக் காலத்திலையும் துடக்கு, தீட்டு எண்டு பார்க்கிற சனமோ? மனுசனை மனுசன் இப்பிடியோ நடத்துறது? கீழ் அறையிலை, மா மூட்டையளுக்குப் பக்கத்திலை இருந்து அந்தப் புட்டைத் திண்டன். கண்ணாலை தண்ணி.

கிழவர் கீழை இறங்கி வந்தார். கையிலை ஒரு கிளாஸ் வெறுந்தேத்தண்ணி. எனக்குப் பக்கத்திலை, மா மூட்டையிலை, அப்பிடியே இருந்தார். 'குணா, அந்தக் கட்டுப்பாடு சாப்பாட்டுக்கு. உனக்கில்லை' எண்டார். நான் முறைச்சுக்கொண்டு இருந்தன். அடுத்த நாளும் வந்து இருந்தார். அதுக்கடுத்த நாளும். பேந்து அது வழக்கமாப் போச்சு. ஆனால் துடக்கு துடக்குத்தானே? எவ்வளவு நல்ல மனுசன் எண்டாலும் அதை நான் மன்னிக்கேல்லை.

சரி, இப்ப உந்தப் பரமலிங்கத்தின்ர கதைக்கு வாறன். கடைக்கு முழுப் பொறுப்பு இண்டைக்கு அவர்தான். நீர் வேலை கேட்டுப் போய் நிக்க வேண்டியது அவருக்கு முன்னாலைதான். அவரை அங்கை கொண்டுபோய் விட்டது ஆர்? நான்தான்.

எங்கட ஊர்ப் பெடியன். எங்கட ஊரெண்டால், எங்கட ஊர் எல்லைதான். ஆனால் எங்கட ஆக்கள் இல்லை. விளங்குதுதானே? தேப்பன்ர பேர் வேலன். மகனுக்குப் பரமலிங்கமாம். பேரைப் பாரும்! வேலன் எங்கட காணியிலை வேலைக்கு வாறவன். வேலியடியிலை நிண்டுதான் கூப்பிடுவான், அவ்வளவு மரியாதை. என்ர அம்மா ஒருநாளும் அவனைப் பசியோடை அனுப்பினதில்லை. சிரட்டையிலை எண்டாலும் ஒரு வாய் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துத்தான் அனுப்புவா. அப்பிடிப்பட்ட குடும்பம் நாங்கள். ஒரு வேற்றுமை பார்த்ததில்லை.

பரமலிங்கம் அகதியா வந்து, பனிக்குள்ள சப்பாத்தும் இல்லாமல் திரியிறான் எண்டு கேள்விப்பட்டன். நான்தான் சைமனிட்டைச் சொல்லி, கோப்பை கழுவ எடுப்பிச்சன். முதல் நாள் என்னைக் கண்ட உடன எழும்பி நிண்டான். நல்ல அடக்கம். நான் உள்ளை வந்தால் ஒதுங்கி வழி விடுவான். இருக்கச் சொன்னாலும் இரான். நான் சொல்லவும் இல்லை எண்டு வையும்.

அப்பிடியே இருந்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை.

போறணையிலை நிண்ட கிழவன் லேஸருக்குத் தோள்மூட்டு விட்டுப் போச்சு. பலகையிலை பேகலை அடுக்கி உள்ளை தள்ள ஏலாது. சைமன் என்னைக் கேட்டார், 'குணா, போறணைக்கு வாறியோ?' எண்டு. நான் மாட்டன் எண்டிட்டன். வெக்கைக்குள்ள வேகிறதுக்கு எனக்கென்ன விசரோ? முன் மேசையிலை நாலு சனத்தோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறவன் நான். அப்ப பரமலிங்கத்தைப் போட்டார். மூட்டுறது மட்டும் அந்தத் தாடிக்காரர். நான் சிரிச்சனான். அவனுக்கேற்ற இடம்தான் எண்டு.

அவன் மாவைக் குழைச்சான். பேகலைக் கொதிதண்ணியிலை போட்டெடுத்துப் பிறகு சுட்டான். என்னத்தைச் செய்தானோ, சனம் வரத் தொடங்கிச்சுது. வெள்ளிக்கிழமை காலமை கடை வாசலிலையிருந்து உடுப்புத் தோய்க்கிற கடையும் தாண்டி லைன். நான் நினைச்சது என்ர இறைச்சிக்கெண்டு. இறைச்சியும்தான். ஆனால் சனம் வந்து நிண்டு கேட்டது பாண். சப்பாத்துத் தைக்கிறவன் கடையை விட்டிட்டுப் போக, சைமன் அந்தச் சுவரை இடிச்சுப் பெருப்பிச்சார். இருந்து சாப்பிட மேசை போட்டார். கோழி சூப், அதுக்குள்ள மாவுருண்டை. எல்லாம் ஓடிச்சுது.

அந்த நேரத்திலைதான் என்ர மனுசி வந்து சேர்ந்தவ. இராசமலர். இங்கிலிஷ் தெரியாது. வீட்டிலை தனிய விடப் பயம். நான்தான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னுக்கு விட்டனான். பார்த்தீரோ, இதுவும் நான்தான்! ஹல்லா பின்ன ஆள் தேவைப்பட்டது. ஆறு வடம் வைச்சுப் பின்னுற பாண். சைமன்ர மனுசி ஃப்ரீடா ஒருக்காப் பின்னிக் காட்டினா. இவ பார்த்துக்கொண்டு நிண்டுபோட்டு, அவ முடிக்க முதல் தன்ரையை முடிச்சு வைச்சிட்டா. அண்டு தொடக்கம் இவ பின்ன, பரமலிங்கம் சுட. நான் முன்னுக்கு நிக்கிறன், பின்னுக்கு ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேக்கும். என்னத்துக்குச் சிரிப்பு? பாணிலை சிரிக்க என்ன இருக்கு? வீட்டிலை வந்து கேட்டால், 'வேலை நல்லா வந்தால் சிரிப்பும் வரும்' எண்டா. எனக்குப் பக்கத்திலை இருந்து அவ அப்பிடிச் சிரிச்சதில்லை.

தப்பா நினையாதையும். நான் அந்த மாதிரிச் சந்தேகப்படுற ஆள் இல்லை. அவனுக்கு மனுசி பிள்ளையள் இருக்கு, ஒழுக்கமான பெடியன். என்ர ஆத்திரம் அது இல்லை. இவ அவனை 'அண்ணை' எண்டு கூப்பிட்டா! வேலன்ர மகனை! என்ர மனுசி!

பேந்து சைமன்ர மகள் தாலியா படிச்சு முடிச்சு வந்தா. இந்த ஒரு கடை காணாது எண்டா. அவையின்ர சனம் எல்லாம் வடக்கை வீடு வாங்கிக்கொண்டு போகுது, அங்கை ஒரு பெரிய கடை போட வேணும், பெரிய போறணை வைக்க வேணும் எண்டா. கிழவருக்கு விருப்பமில்லை. 'எனக்கு ஒரு கடை காணும்' எண்டார். ஃப்ரீடாதான் மகளின்ர பக்கம் நிண்டு சம்மதிக்க வைச்சவ. கட்டிடம் எடுத்தாச்சு, தளபாடம் இறக்கியாச்சு. எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு இருத்தி, புதுக் கடைக்கு ஆர் பொறுப்பு எண்டு தாலியா சொன்னா.

பரமலிங்கம்.

போறணைக்கு மட்டும் இல்லை. குசினி, இறைச்சி, ஆள் எடுக்கிறது, எல்லாம். 'குணா, நீங்கள் இறைச்சிப் பகுதியைப் பாருங்கோ, பரமலிங்கத்திட்டைக் கேட்டுச் செய்யுங்கோ' எண்டா. கேட்டுச் செய்யிறதாம்! நான்! அவனிட்டை! எல்லாரும் கை தட்டுகினம். என்ர மனுசியும் தட்டுறா.

நான் நேரை கிழவரிட்டைப் போனன். கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னன். 'உங்களுக்கு ஆளைத் தெரியாது. உங்கட மகளுக்கும் தெரியாது. எங்கட ஊரிலை இவை கோயிலுக்குள்ள வராத ஆக்கள். எங்கட கிணத்திலை அள்ளாத ஆக்கள். இவனுக்குக் கீழை நான் நிண்டு வேலை செய்தால் ஊரிலை என்ர குடும்பம் தலை நிமிர ஏலாது' எண்டு எல்லாத்தையும் விளங்கப்படுத்தினன். நல்லதுக்குத்தானே சொல்லுறன்? ஒரு முதலாளி தன்ர வேலையாளைப் பற்றித் தெரிஞ்சிருக்க வேணாமோ?

கிழவர் ஏப்ரனைக் கழட்டி மேசையிலை வைச்சார். பேந்து, இவ்வளவு வருஷமும் வாய் திறவாத மனுசன், தன்ர ஊர்க் கதையைச் சொல்லத் தொடங்கினார். தகப்பன் அங்கை பேக்கரி வைச்சிருந்தவராம். ஒரு நாள் எல்லாரையும் ஒரு தெருவுக்குள்ள தள்ளி வேலி அடிச்சவையாம். வேலிக்கு வெளியிலை நிண்டவை எல்லாம் நேற்றுவரைக்கும் அவையிட்டைப் பாண் வாங்கின சனமாம். 'அவைக்கும் எங்களைப் பற்றி எல்லாம் தெரிஞ்சுதான் இருந்தது, குணா' எண்டார்.

பாருமன் தம்பி! நான் என்ன சொல்லுறன், அவர் என்ன சொல்லுறார்! வயசு போனால் இதுதான். ஒண்டு கேட்டால் இன்னொண்டு. அவையின்ர வேலியும் எங்கட வேலியும் ஒண்டோ? அவைக்குச் செய்தது அநியாயம். எங்கட ஊரிலை ஆரும் ஆருக்கும் அநியாயம் செய்தவையோ? அவையவை அவையவையின்ர இடத்திலை இருந்தவை, அவ்வளவுதான். நான் அதையும் சொன்னன். கிழவர் எழும்பிப் போய்க் கதவைத் திறந்து விட்டார். நான் வெளிக்கிடும் வரைக்கும் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார்.

நான் கத்தியை வைச்சிட்டன். பின்னுக்குப் போய் மனுசியைக் கூப்பிட்டன். 'வெளிக்கிடு, இனி இந்தக் கடை வேண்டாம்.' அவ கை முழுக்க மா. 'போறணையிலை பாண் கிடக்கு, எடுத்துப்போட்டு வாறன்' எண்டா. நான் காருக்குள்ள இருந்து பார்த்தன். பாண் வேக எவ்வளவு நேரம் எடுக்கும்? எடுத்திருப்பினம், ஆறியிருக்கும், வித்தும் முடிஞ்சிருக்கும். அவ வரேல்லை. பின்னேரம் பஸ்ஸிலை வீட்டை வந்தா. நான் கத்தின கத்திலை மேல்வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டினவன். அவ அடுத்த நாள் காலமை திரும்பியும் வேலைக்குப் போனா.

நான் இல்லாமல் கடை படுத்திடும் எண்டு இருந்தன். இறைச்சியை ஆர் வெட்டுறது? ஒரு பிலிப்பைன்ஸ் பெட்டையைப் போட்டினமாம். அவள் என்னை விட மெல்லிசாச் சீவுறாளாம். பொய்தான். நான் போய்ப் பார்க்கேல்லை, ஆனால் பொய்தான்.

பிறகு பரமலிங்கத்தின்ர மூத்தவள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு. என்ர மனுசி போயிருக்கிறா. போனதும் இல்லாமல் அங்கை சாப்பிட்டிருக்கிறா! ஆரோ எடுத்த வீடியோவிலை கண்டன், வாழையிலைக்கு முன்னாலை இருந்து சோறு குழைக்கிறா. நான் கேட்டன். 'அவையின்ர வீட்டிலை கை நனைச்ச நீ, என்ர சட்டி பானையை எப்பிடித் தொடுவாய்?' எண்டு கேட்டன். ஆத்திரத்திலை கேட்டது. மனுசருக்கு ஆத்திரம் வராதோ?

அவ 'சரி' எண்டா. அவ்வளவுதான். அண்டு தொடக்கம் எனக்குச் சமைக்கிறதில்லை. 'இது அவையின்ர வீட்டிலை நனைஞ்ச கை. உங்களுக்கு ஒத்து வராது' எண்டு, சண்டை பிடிக்காமல், கோபமும் இல்லாமல் சொல்லுறா. தனக்கு மட்டும் காய்ச்சுவா. சாப்பிடுவா. சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பா. குழம்பு வாசம் வீடு முழுக்க நிக்கும். எனக்குச் சமைக்கத் தெரியாது. அதுதான் தம்பி, நான் இந்த மோலிலை வந்து சாப்பிடுறது. அந்தச் சீனாக்காரன்ர கடையிலை சோறு, இந்த ஆப்கான்காரன்ர கடையிலை ரொட்டி. பரவாயில்லை, துப்புரவாச் செய்வினம். ஆர் சமைச்சதெண்டு இஞ்சை ஆர் பார்க்கிறது?

கடை என்ன, வளர்ந்துகொண்டுதான் போச்சுது. வடக்கை போட்டது பிடிச்சுது. மூண்டாவது டவுன்டவுனிலை. வருஷத்திலை ஒரு கிழமை, அவையின்ர பெருநாளுக்கு, மா எண்ட சாமானே கடைக்குள்ள இருக்கப்படாது. முழுக்கக் கூட்டிக் கழுவி மூடுவினம். அந்த ஒரு கிழமைதான் எனக்கு நிம்மதி. பிறகு நாலாவதைக் கொண்டு வந்து ஸ்காபரோவிலை, எங்கட சனத்துக்கு நடுவிலை போட்டினம். பரமலிங்கமும் பங்குக்காரன், என்ர மனுசியும் பங்குக்காரி. திறப்பு விழாவுக்கு எங்கட சனமெல்லாம் ஹல்லா வாங்க லைனிலை நிக்குது, சம்பலோடை திண்டால் நல்லாயிருக்குமாம். நான் லைனுக்குப் பக்கத்திலை போய், எங்கட ஊர்க்காரர் ரெண்டு மூண்டு பேருக்குக் காதோடை சொன்னன், 'சுடுறது ஆரெண்டு தெரியுமோ?' எண்டு. ஒருத்தி திரும்பி, 'ஐயா, நீங்கள் லைனிலை நிக்கிறியளோ, இல்லையோ?' எண்டு கேக்கிறாள். தமிழ்ப் பெட்டை! இந்த நாட்டிலை எங்கட சனம் கெட்டுப் போச்சுது எண்டு நான் அண்டைக்குத்தான் முடிவெடுத்தனான்.

போன மாரியிலை சைமன் போயிட்டார்.

எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. மனுசி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கிட, நான் கேட்டன். 'கிழவர் போயிட்டார்' எண்டா. நான் குளியலறைக்குள்ள போய் நிண்டு... சரி, அதை விடும். காரை எடுத்துக்கொண்டு பின்னாலை போனன். அவ பரமலிங்கத்தின்ர வானிலை. நான் என்ர காரிலை.

அவையின்ர சுடலை. பனி கொட்டிக் கிடக்கு. பெட்டி வெறும் பலகை, ஒரு பூவும் இல்லை. குழிக்குள்ள இறக்கிப்போட்டு, நிக்கிற சனம் ஒவ்வொருத்தரா மண்வெட்டியாலை மண் அள்ளிப் போட வேணும். தாலியா போட்டா. ஃப்ரீடாவைப் பிடிச்சுக்கொண்டு வந்தினம், அவ போட்டா. சொந்தக்காரர் போட்டினம். நான் தூரத்திலை நிண்டனான். பேந்து நினைச்சன், கீழ் அறையிலை மா மூட்டையிலை என்னோடை வந்து இருந்த மனுசன். நானும் போட வேணும். போய் வரிசையிலை நிண்டன். பார்த்தால், எனக்கு முன்னுக்கு நிக்கிறது பரமலிங்கம்.

ரெண்டு பேரும் குழியைப் பார்த்துக்கொண்டு நிக்கிறம். அவன்ர முறை வந்திது. மூண்டு தரம் அள்ளிப் போட்டான். அழுகிறான், தேம்பித் தேம்பி அழுகிறான், அதுவும் எனக்குப் பிடிக்கேல்லை. முடிச்சுப்போட்டுத் திரும்பினான். நான் கையை நீட்டினன்.

தரேல்லை! நான் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறன். அவன் மண்வெட்டியை மண் குவியலிலை குத்தி விட்டிட்டு விலகிறான். எனக்கு! என்ர கைக்குத் தர மாட்டானாம்! நான் என்ன, தொட்டால் ஒட்டுற ஆளோ? இவ்வளவு சனத்துக்கு முன்னாலை!

'கையிலை தா' எண்டன். சத்தமாச் சொல்லிப்போட்டன் போல, எல்லாரும் திரும்பிப் பார்க்கினம்.

அவன் கண்ணைத் துடைச்சுக்கொண்டு, மெதுவாச் சொல்லுறான். 'குணா, இஞ்சை ஒருத்தரும் ஆருக்கும் கையிலை குடுக்கிறேல்லை. துக்கத்தைக் கை மாத்தக் கூடாதாம். அவரவர் மண்ணிலையிருந்து தாங்களாத்தான் எடுக்க வேணும். எடுங்கோ.'

குணாவாம்! வழக்கமாம்! எனக்கு வழக்கம் சொல்லித் தாறார் வேலன்ர மகன்! முதல் நாள் என்னை மறிச்ச அந்தத் தாடிக்காரரும் வந்து தலையை ஆட்டுறார், ஓமாம், அப்பிடித்தானாம். எல்லாரும் சேர்ந்து கதைச்சு வைச்ச கதை. நான் நம்பேல்லை. இண்டைக்கும் நம்பேல்லை. முன்னுக்குப் போட்டவை எப்பிடிக் குடுத்தவை எண்டு நான் பார்க்கேல்லை, ஆனால் நம்பேல்லை. நான் திரும்பி நடந்து வந்திட்டன். மண் போடேல்லை.

காருக்குள்ள இருந்து பார்த்தன். எனக்குப் பின்னாலை நிண்டது இராசமலர். அவ மண்வெட்டியைப் பிடுங்கி எடுத்து, தன்ர பங்குக்குப் போட்டா. பேந்து குத்தப் போனவ, நிண்டு, திரும்பக் குனிஞ்சு இன்னொருக்கா அள்ளி, நல்லா நிறைய அள்ளிப் போட்டா. அந்தப் பங்கு ஆருக்கெண்டு நான் கேக்கேல்லை. நாங்கள் இப்ப ஒரு சொல், ரெண்டு சொல்லுக்கு மேலை கதைக்கிறேல்லை.

ஏன் தம்பி எழும்பிறீர்? பஸ் வர இன்னும் நேரம் இருக்கு. பேக்கரிக்குத்தான் போறீரோ? போம், போம், உம்மட விருப்பம். போய் அவனிட்டையே கேளும். இல்லை, அதுக்கு முதல் எனக்கு ஒரு நியாயம் சொல்லிப்போட்டுப் போம். நீர் படிச்ச பெடியன். ஒரு மனுசன் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறான். அவன்ர கையிலை ஒரு சாமானைக் குடுத்தால், குடுக்கிறவனுக்கு என்ன குறைஞ்சு போகும்? சொல்லுமன்? என்ன குறைஞ்சு போகும்?